மேல்காற்று மாதங்களில் மலைக்குப் போவது

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டால், பசுவந்தனை முதல் கழுகுமலை வரையிலான கரிசல் ஊர்களின் டீக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" பதில் சொல்கிறவர் பெரும்பாலும் நேரில் பார்த்துவிட்டு வந்தவராக இருக்க மாட்டார். தென்காசிப் பக்கத்து உறவுக்காரர் போனில் சொன்னதையோ பேப்பரில் வந்த படத்தையோ மேற்கே மேகம் அடைந்திருப்பதையோ வைத்துச் சொல்லுவார். "விழுது" என்ற ஒரு சொல் கிடைத்தால் போதும், வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. சமவெளியில் இருப்பவர்கள் வேலையை நிறுத்தி, கைக்காசைச் செலவழித்து, மலைப் பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்குவது எதற்காக? அவர்கள் போவதால் அந்தப் பள்ளத்தாக்குக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் என்ன நேர்கிறது? ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையை முன்வைத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை எழுதிவருகிறார்கள். தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் ஆகியவற்றைச் சுற்றி எழுந்த விடைகள் பாதி அங்கிருந்து வந்தவை, பாதி இங்கேயே முளைத்தவை. அந்த விடைகளை இக்கட்டுரை கரிசல் காட்டில் நின்று பார்க்கிறது. நிற்கும் இடம் மாறினால் சில விடைகளின் வலுவும் மாறுகிறது.

ஒரே காற்று, இரண்டு ஊர்

பசுவந்தனை கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது. கைலாசநாதர் கோவிலும் அதைச் சுற்றிய தெருக்களும் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். இங்கே ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. தென்மேற்குப் பருவம் இந்த ஊருக்கு மழையாக வருவதில்லை, காற்றாகவே வருகிறது. கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து, குற்றால மலையில் மிச்சமிருக்கும் ஈரத்தைச் சாரலாகத் தூவிவிட்டு, வெறுங்கையோடு கரிசலுக்கு வந்து சேர்கிறது. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுவதும் குற்றாலத்துப் பேரருவியை நிறைப்பதும் இதே காற்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. கரிசல் மானாவாரியில் விதைப்பு புரட்டாசியில். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மல்லி எல்லாம் தை, மாசியில் வீடு வந்து சேரும். கோடை உழவு முடிந்தபின், வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை நிலத்தில் கைவைக்க வேலை குறைவு. குற்றாலத்தில் சாரல் விழுவதும் இதே மாதங்களில். ஆக, பயிரில்லாத காற்றுக் காலத்தில், அந்தக் காற்று தண்ணீரை விட்டுவந்த இடத்துக்குப் போய்க் குளிப்பது கரிசல்காரரின் விடுமுறை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போனால் நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற பயணம்.

மலை விடுமுறை பற்றிய ஆய்வுகளில் இந்தக் காலக்கணக்குக்கு அதிக இடம் கிடைத்ததில்லை. இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர்; யாருக்கு எப்போது ஓய்வு வாய்க்கிறது என்று கேட்பவர்கள் சிலரே. கீழே வரும் ஒவ்வொரு விடையையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சலுக்குப் பயந்து ஏறியவர்கள்

முதல் விடை, மலை மருந்து என்பது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறியதும், 1820-களில் உதகையில் கல்வீடு கட்டி வாழ்ந்ததும், பின்னர் வெள்ளைக்காரச் சிப்பாய்களை உடல்தேற அங்கே அனுப்பியதும் இந்த நம்பிக்கையில்தான். பழனி மலையை லெப்டினன்ட் வார்டு 1821-ல் அளந்தார். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏறினார்கள். அப்போது மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியில் உட்கார்ந்து, சுமைகூலிகளின் தோளில் போனார்கள். "மலைக்காற்று வாங்கப் போனார்கள்" என்று எழுதும்போது தூக்கியவர்களின் தோள் நம் நினைவுக்கு வருவதில்லை.

அந்தக் கால மருத்துவம், சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியது. உயரத்தில் கெட்ட காற்று இல்லை, அதனால் காய்ச்சல் இல்லை என்பது அவர்கள் தர்க்கம். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டார். காரணம் பிழை, பலன் சரி என்று அப்போது தெரிந்தது. குளிரில் கொசுவும் கிருமியும் பெருகுவதில்லை என்பதுதான் மலையின் மருத்துவம். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பள்ளத்தாக்கிலும் கதை இப்படியே போனது. 1860-களில் அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற மருத்துவர் அங்கே காசநோயாளிகளை மலைக்காற்றில் படுக்க வைத்தார். 1900-ல் திறந்த ஷாட்சால்ப் என்ற சானடோரியம், மாத்திரைகள் வந்தபின் 1950-களில் ஓட்டலாகிவிட்டது. நோயாளி போன கட்டிலில் சுற்றுலாப் பயணி படுத்தார்.

குற்றாலத்துக்கும் இந்த விடையின் ஒரு கிளை உண்டு. மலை மூலிகைகளில் பட்டு வரும் தண்ணீர், தலையில் விழுந்தால் பித்தம் தெளியும், மேல்வலி தீரும் என்பார்கள். இதை உறுதிசெய்யும் மருத்துவச் சான்று பலமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தோளையும் முதுகையும் பிடித்துவிடுவதன் சுகத்தை மறுக்கவும் முடியாது. இந்த விடையின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மலை மருந்து என்றால் அது எல்லா நோயாளிக்கும் மருந்தாக இருந்திருக்க வேண்டும். டேன் கென்னடி 1996-ல் வெளியிட்ட 'தி மேஜிக் மவுண்டன்ஸ்' நூல், மலைவாசத்தலங்கள் வெள்ளையர் தங்களைத் தனித்து வைத்துக்கொள்ளக் கட்டிய இடங்களாகவும் இருந்தன என்று காட்டுகிறது. மருந்து என்ற சொல்லுக்குள் அந்த வேலியும் இருந்தது.

சாமியும் சாரலும்

இரண்டாவது விடை நம்முடையது, முதல் விடையைவிட வெகு பழையது. மலைக்குப் போவது சாமி கும்பிட. குற்றாலநாதர் கோவிலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். நடராசருக்கு உரிய ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கே. தண்ணீரில் தலை நனைப்பது தீர்த்தமாடுவதாகவும், அதற்குப் பிறகான தரிசனம் பயணத்தின் பொருளாகவும் இருந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்துவிட்டு அப்படியே குற்றாலம் போய் வருவது இன்றும் கரிசல் ஊர்களின் வழக்கம். எது பக்தி, எது உல்லாசம் என்று அந்த வேனில் இருப்பவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் காரையாறு. பாபநாசத்துக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசையில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அரிசி, பருப்பு, அண்டா, பாய், கோழி, கிடா எல்லாம் கூடப் போகும். ஆற்றங்கரையில் குடில் போட்டு, பொங்கி, குளித்து, இரவில் அங்கேயே படுத்துப் பல நாள் இருந்துவிட்டு இறங்குவார்கள். மலைப் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு தங்கி ஓய்வெடுக்கும் மரபு தமிழில் உண்டா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அதற்கு 'விடுமுறை' என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இந்த விடைக்கும் ஓட்டை உண்டு. சாமி கும்பிட வந்தவர் எதைச் செய்தாலும் அது வழிபாட்டின் பகுதி என்ற எண்ணம், காட்டுக்குச் சுமையாகலாம். காரையாறு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. தாமிரபரணியின் முதல் பள்ளத்தாக்கும் அதுவே. பக்தர்கள் தங்கும் நாட்களுக்கும் கொண்டுபோகும் பிளாஸ்டிக்குக்கும் வனத்துறை கட்டுப்பாடு வைத்தது. வழிபாட்டு உரிமை குறைகிறதே என்று பக்தர்கள் வருத்தப்பட்டார்கள். இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருப்பதால் அந்த இழுபறி ஆண்டுதோறும் ஆடியில் திரும்ப வருகிறது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலையின் வளத்தை எடுத்துச் சொல்கிறவள் குறத்தி, அதாவது மலைக்காரி. வந்தவர் கண்ணில் மலை எப்படி என்பதை எல்லாரும் எழுதினார்கள். இருப்பவள் தன் மலையைப் பற்றிப் பெருமை பேசுவதாக அமைந்த நூல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நமக்கு இருக்கிறது. அந்தப் பெருமையை அவள் வாயில் வைத்தவர் அடிவாரத்துக் கவிராயர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அழகு என்னும் பதில்

மூன்றாவது விடை, மலை அழகாக இருக்கிறது, அதனால் போகிறோம் என்பது. கேட்க எளிதாக இருந்தாலும் இது மிகப் பிந்தி வந்த விடை. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பியருக்கு ஆல்ப்ஸ் பெரும்பாலும் பயமுறுத்துகிற, பயனற்ற கற்குவியல். பெர்ன் நகரத்து ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் எழுதி 1732-ல் வெளியான நெடுங்கவிதையும், 1761-ல் வந்த ரூசோவின் 'ஜூலி' நாவலும் அந்தப் பார்வையைத் திருப்பின. பள்ளத்தாக்கில் மாடு மேய்த்து வெண்ணெய் கடையும் குடியானவன் நல்லவன், நகரத்தான் கெட்டுப்போனவன் என்ற கருத்தும் அழகோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்தது. 1863-ல் தாமஸ் குக் இங்கிலாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கூட்டத்தை அழைத்துப் போனார். 1871-ல் லெஸ்லி ஸ்டீஃபன் தன் மலையேற்ற நூலின் தலைப்பிலேயே ஆல்ப்ஸை ஐரோப்பாவின் விளையாட்டு மைதானம் என்றார்.

அந்த அழகு நமக்கு இறக்குமதியாகவே வந்தது. நீலகிரி ரயிலின் பல்சக்கர முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் ரயில் போனது. கொடைக்கானல் ஏரியும் இயற்கை ஏரியில்லை. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்சு ஓடைக்குக் குறுக்கே கரைபோட்டு உண்டாக்கியது. வெள்ளைக்காரர் தங்கள் ஊர் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டு, அதன் அழகை ரசித்தார்கள். பின்னால் நாமும் அதையே ரசித்தோம். தமிழ் சினிமா டூயட்டுக்காக அசல் சுவிட்சர்லாந்துக்கே போனது இந்தக் கணக்கின் இயல்பான முடிவு.

குற்றாலத்து அழகுக்கு வேறு வரலாறு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தன் கடைசிக் காலத்தை அங்கே கழித்து, 1954-ல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். கம்பனைப் படிப்பது, அருவியில் குளிப்பது, சாப்பாட்டை ருசிப்பது எல்லாமே ஒரே ரசனையின் காரியங்கள் என்று அவர் நடத்திக் காட்டினார். அவரிடம் பழகியவர்களில் இடைசெவல் கி. ராஜநாராயணனும் ஒருவர், கரிசல்காரர். காட்சியை எட்டி நின்று பார்க்கும் ஆல்ப்ஸ் ரசனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. குற்றாலத்தில் யாரும் அருவியைப் பார்ப்பதோடு திரும்புவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, போலீஸ்காரர் விசில் ஊதும்வரை தலையைக் கொடுத்து, உடம்பெல்லாம் சிவக்க வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி தின்றால்தான் அது குற்றாலம். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அன்றைக்குக் காட்சி மிகப் பிரமாதமாக இருக்கும், வந்தவர்கள் முகம் தொங்கிப்போயிருக்கும். அழகு என்ற விடை எங்கே போதாது என்பதற்கு அந்த முகங்களே சான்று.

ஓய்வு யாருக்கு உரிமை

இருபதாம் நூற்றாண்டு கொண்டுவந்த விடை, ஓய்வு எல்லாருக்கும் உரியது என்பது. 1895-ல் வியன்னாவில் தொழிலாளர்கள் 'இயற்கையின் நண்பர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கி, பணக்காரர் மட்டும் ஏறிய ஆல்ப்ஸில் தங்களுக்கும் குடில்கள் கட்டினார்கள். 1936-ல் பிரான்ஸ், கூலியோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் செய்தது. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சம்பளத்தோடு விடுமுறைக்கான உடன்பாட்டை நிறைவேற்றியது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 1956 முதல் மத்திய அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகையும் கிடைத்தது.

கொள்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரிசலில் நின்று பார்த்தால் அதன் எல்லை தெரிகிறது. தீப்பெட்டிக் கட்டுக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலி வாங்குகிறவருக்கும், காட்டு வேலைக்குத் தினக்கூலி போகிறவருக்கும் 240 நாள் கணக்கு கைக்கெட்டாததாகவே இருந்தது. வேலையில்லாத நாள் அவர்களுக்கு ஓய்வு நாள் ஆவதில்லை, கூலியில்லாத நாளாகிறது. ஆனி, ஆடியில் நிலத்தில் வேலை குறைவு என்று மேலே எழுதியதை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். சொந்தமாக ஏழெட்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது சாரல் காலம். கூலிக்காரருக்குக் கடன் வாங்கும் காலம். மலை விடுமுறையை உரிமை என்று பேசுகிற ஆய்வுகள் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்ற சந்தேகம் வலுக்கிறது.

மலையில் பிழைப்பு

கரிசல் ஊர்களில் "அவன் மலைக்குப் போயிருக்கான்" என்றால் பொதுவாக அது விடுமுறையைக் குறிப்பதில்லை. மூணாறு, வால்பாறை, மாஞ்சோலை, இன்னும் பழைய தலைமுறைக்குக் கண்டிச்சீமை என எஸ்டேட் வேலைக்குப் போனதைக் குறிக்கும். சிங்கம்பட்டி ஜமீனின் 8,374 ஏக்கர் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போய் மாஞ்சோலை ஆனது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் சமவெளியிலிருந்து ஏறியவர்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மூணாற்றுத் தேயிலைச் சரிவின் பச்சையைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பார்ப்பது, பல தலைமுறைக் கரிசல் ஆட்களின் கை பட்ட பச்சை. சுற்றுலா பற்றிய ஆய்வுகளில் விருந்தாளி, ஊர்க்காரர் என்ற இரண்டு பாத்திரங்களே வருகின்றன. கூலிக்கு ஏறிய சமவெளிக்காரர் இரண்டிலும் சேராமல் நிற்கிறார்.

சுற்றுலாவே பள்ளத்தாக்கின் பிழைப்பு என்பது இதையொட்டிய ஐந்தாவது விடை. ஆல்ப்ஸில் இதற்கு நல்ல பக்கமும் உண்டு, கெட்ட பக்கமும் உண்டு. பண்ணை வீட்டின் இரண்டு அறைகளைக் கோடைக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் மாடு வளர்ப்பதைத் தொடர்ந்த ஆஸ்திரியாவின் டிரோல் குடும்பங்கள் ஏராளம். அதே டிரோலில் பள்ளத்தாக்குகள் பனிச்சறுக்குக் கம்பிவடங்களால் நிறைந்துபோயின. பெர்ன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் கிரிப்பென்டோர்ஃப் 1975-லேயே சுற்றுலா தன் மூலதனமான நிலத்தையே தின்கிறது என்று எழுதினார். ரிச்சர்டு பட்லர் 1980-ல், சுற்றுலா ஊர் ஒவ்வொன்றும் கண்டுபிடிக்கப்பட்டு, வளர்ந்து, நிரம்பி, சரியும் என்று ஒரு வளைகோடு வரைந்தார்.

பட்லரின் கோடு கொடைக்கானலுக்குப் பொருந்துகிற அளவு குற்றாலத்துக்குப் பொருந்துமா என்பது ஐயம். குற்றாலத்துக்குத் தண்ணீர் வைத்திருக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. மாசிக்குமேல் அருவி வற்றினால் ஊர் தானாகவே ஓய்ந்துவிடும். லாட்ஜுக்காரர் சுண்ணாம்பு அடிப்பார், பழக்கடைக்காரர் வேறு ஊருக்குப் போவார். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களால் இன்னொரு சின்ன சீசன் உண்டு, அதோடு சரி. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ் ஓட்டல்காரர் படுருட் 1864-ல் கோடை விருந்தாளிகளைக் குளிர்காலத்திலும் வரச்சொல்லி ஆண்டு முழுக்கக் கடை திறந்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படி ஒரு தந்திரம் வற்றிய அருவியிடம் செல்லாது. இந்த இயற்கை ஓய்வு குற்றாலத்தை எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்பதை யாராவது விரிவாக ஆராய்ந்தால் நல்லது.

நேர்மாறான ஒரு வழியும் ஆல்ப்ஸில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோலில் வில்கிராட்டன் என்ற பள்ளத்தாக்கு கம்பிவடமும் பெரிய ஓட்டலும் வேண்டாம் என்று நின்றது. எங்களிடம் ஒன்றுமில்லை, வாருங்கள் என்பதையே தன் விளம்பரமாக்கியது. 2008-ல் ஆஸ்திரிய மலையேறுவோர் சங்கம் 'மலையேற்றக் கிராமங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இப்படிப்பட்ட ஊர்களை ஒரு பட்டியலில் சேர்த்தது. ஒன்றுமில்லாததைத் தேடி வருகிறவர் காசு உள்ளவராகவே இருப்பார் என்ற விமர்சனம் எழுவது இயல்பு. டவுன் பஸ் மாறி மாறி வந்து அருவியில் நனைந்துவிட்டுப் போகிறவருக்கு அந்த மாதிரி உதவாது.

எத்தனை வண்டி, எத்தனை மாடு

கடைசியாக வந்த விடை, அளவு வையுங்கள் என்பது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீலகிரி வழக்கு வந்தபோது, சீசனில் நாளொன்றுக்கு சுமார் 20,000 வண்டிகள் ஏறுவதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. நீதிமன்ற உத்தரவால் மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடைக்கு எண்ணிக்கையே வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் கேட்டார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள், ஊர்க்காரர்கள் சிலர் தண்ணீரும் ரோடும் மிஞ்சும் என்று வரவேற்றார்கள். அரசு பஸ்ஸில் போகிறவருக்குப் பாஸ் வேண்டாம் என்றதால், கார் இல்லாதவர் இந்த வடிகட்டலில் தப்பினார். அது தற்செயலாக நடந்த நியாயமாகவும் இருக்கலாம்.

குற்றாலத்தில் கட்டுப்பாடு வேறு வடிவில் வந்தது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்து அருவியில் குளிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. சிற்றாறு அங்கிருந்து கால்வாய்களையும் குளங்களையும் நிறைத்துக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அருவியில் கரையும் நுரை கீழே வயலுக்கும் குடத்துக்கும் போகும். தடை நியாயமானதுதான். அருவிக்கரையில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்களின் கணக்கு மட்டும் அந்த நியாயத்துக்குள் வரவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தபோது, கேள்வி கூட்டத்திலிருந்து எச்சரிக்கைக்கு மாறியது. சீசன் தொடங்கும் முன்பே, மலைக்கு மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாமல் வந்த வெள்ளம் அது.

எண்ணிக்கை என்ற விடையின் பலவீனம், அது எதை எண்ணுகிறது என்பதில் இருக்கிறது. வண்டியை எண்ணுவது எளிது, செக்போஸ்டில் ஒருவர் போதும். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் தோர்பெல் என்ற கிராமம் இதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே வேறு வழி கண்டது. மலை மேலிருக்கும் கோடை மேய்ச்சல் நிலம் ஊர்ப் பொது. யார் எத்தனை மாடு ஏற்றலாம் என்பதற்கு 1517-ல் ஒரு விதி: குளிர்காலத்தில் தன் சொந்த வைக்கோலைப் போட்டு எத்தனை மாட்டைக் காப்பாற்றினாயோ, கோடையில் அத்தனையைத்தான் மேலே அனுப்பலாம். ராபர்ட் நெட்டிங் 1981-ல் இதை ஆராய்ந்து எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரோம் 1990-ல் தன் பொதுவள நூலில் எடுத்தாண்டு அதை உலகறியச் செய்தார். அளவை வைத்தது வெளியே இருந்த நீதிமன்றம் அல்ல, மாட்டுக்காரர்களே. அளவுகோலும் அவர்கள் கண்முன் இருந்த வைக்கோல் போர்.

ஆனால் தோர்பெல் விதி ஊர்க்காரருக்குள் இருந்த விதி என்பதை மறந்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே மாடு ஏற்ற இடமே கிடையாது. அருவிக்கு வருகிறவர் எல்லாரும் வெளியூர்க்காரர்.

தீராமல் நிற்பவை

மேலே சொன்ன விடைகளில் எதையும் முழுக்கத் தள்ள முடியவில்லை, எதுவும் தனியாக நிற்கவும் இல்லை. மருந்து என்ற விடை வேலியோடு வந்தது. பக்தி காட்டோடு மோதுகிறது. அழகு, குளிக்க வந்தவரை விளக்கவில்லை. உரிமையும் பிழைப்பும் தினக்கூலிக்காரரிடம் வந்து நின்றுவிடுகின்றன.

காலக்கணக்குதான் இன்னும் சரியாகத் திறக்கப்படாத பக்கம். சாரல் ஜூனில் தொடங்குகிறது, பள்ளிக்கூடமும் ஜூனில் திறக்கிறது. பிள்ளைகளைப் படிக்கவைக்கிற குடும்பம் சனி, ஞாயிறிலும் ஆடித் திருநாட்களிலும் மட்டுமே குற்றாலம் போக முடியும். நான்கு மாதத்துக்குப் பரவியிருக்க வேண்டிய கூட்டம் முப்பது நாற்பது நாளில் நெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கோடைக்கு வண்டியெண்ணிக்கை வைத்த முறை, வார இறுதியில் கூட்டம் பொங்கிச் செவ்வாய்க்கிழமை வெறிச்சோடுகிற குற்றாலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பருவம் பிந்துவதும் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் அதிகமானால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

அப்படியே ஓர் அளவு வைக்க வேண்டுமென்றால், குற்றாலத்துக்கு வைக்கோல் போர் எது? கார் நிறுத்தும் இடமா, கழிப்பிடங்களின் எண்ணிக்கையா, அருவிக்கம்பிக்குப் பின்னால் ஒரு மணி நேரத்தில் எத்தனை தலை நனையும் என்பதா, சிற்றாறு கீழே கடைசிக் குளத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதா? கடைசி அளவுகோலை எடுத்தால் முடிவு சொல்ல வேண்டியவர்கள் கீழ்க்குளத்து விவசாயிகள். வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களோ, லாட்ஜ் வைத்திருப்பவர்களோ, மலைக்கு மேலே இருக்கும் பளியர் பழங்குடியினரோ அவர்களோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து இதைப் பேச, தோர்பெல்லில் இருந்ததுபோல ஓர் ஊர்க்கூட்டம் இங்கே இல்லை. அப்படி ஒன்று கூடும்வரை கரிசலில் காற்றடிக்கும், டீக்கடையில் யாராவது கேட்பார்கள், தண்ணி விழுதா என்று.